போர்னியோ ஆற்றில் உம் யூசுஃப்புடன்

போன மாதம் பஹ்ரைனின் மனாமாவிலிருந்து என் போனுக்கு ஒரு படம் வந்தது. நான் இருபது வருடத்துக்கு மேல் உட்கார்ந்து வேலை பார்த்த டிராவல்ஸ் கவுண்டரை இரண்டு பேர் சாய்த்துப் பிடித்து வாசல் வழியாகத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். கீழே ஒரு வரி: "ஜெசிந்தா அக்கா, உங்க சிம்மாசனம் போகுது." அனுப்பியவள் ஷீபா. நான் ஓய்வு பெற்றபோது எனக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தவள். இனிமேல் எல்லாரும் போனிலேயே புக் பண்ணிக்கொள்வார்களாம், கவுண்டர் தேவையில்லையாம். அடுத்த செய்தியில் ஒரு கேள்வியும் கேட்டிருந்தாள். "இன்டர்நெட் இல்லாத காலத்துல, நீங்களே பாக்காத ஊருக்கு ஆளுங்கள எப்படிக்கா தைரியமா அனுப்புனீங்க?"

தைரியமாகவெல்லாம் அனுப்பவில்லை, ஷீபா. பயந்து பயந்துதான் அனுப்பினோம். ஒரு தடவை அந்தப் பயத்தின் காரணமாக நானே கூடப் போக வேண்டியதாயிற்று. அதை எழுதினால் உன் கேள்விக்குப் பதிலாகும் என்று நினைக்கிறேன்.

தூத்துக்குடியில் டைப்ரைட்டிங் முடித்துவிட்டு, கல்யாணமாகி பஹ்ரைனுக்கு வந்தவள் நான். கணவருக்குக் கப்பல் பழுது பார்க்கும் யார்டில் வேலை. குதைபியாவில் ஒரு அறையும் பாதிச் சமையலறையும் எங்கள் வீடு. பகலெல்லாம் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாமல் டிராவல்ஸில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். விமான நிலையங்களின் மூன்றெழுத்துக் குறியீடுகளை அரிசி களையும்போது ஒப்பித்து ஒப்பித்து, ஒரு வழியாக டிக்கெட் கவுண்டருக்கு வந்து சேர்ந்தேன். என் பயிற்சிக் காலம் அவ்வளவுதான். மீதியைக் கற்றுக் கொடுத்தவர் எங்கள் மேனேஜர் தர்மலிங்கம் சார்.

சார் யாழ்ப்பாணத்துக்காரர். பஹ்ரைன் வெயிலிலும் முழுக்கைச் சட்டை, கழுத்துவரை பொத்தான். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. மெதுவாக ஒரு கேள்வி கேட்பார், நமக்குத்தான் வியர்க்கும். புதிதாக ஒரு டூர் விற்க ஆரம்பித்தால் அந்தப் பயண நிரலை மேசையில் விரித்து, விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டே போவார். ஓரிடத்தில் விரல் நிற்கும்.

"பிள்ளை, இந்த இடத்திலை கக்கூஸ் எங்கை இருக்கு?"

"தெரியலியே சார்."

"அப்ப என்னத்தை விக்கிறீர்?"

இதுதான் அவர் முறை. அருவி எத்தனை அடி உயரம், கோவில் எந்த நூற்றாண்டு என்பதெல்லாம் அவருக்கு இரண்டாம்பட்சம். வயதானவர் ஒருவர் அவசரத்துக்கு எங்கே போவார், படி எத்தனை ஏற வேண்டும், மழை வந்தால் எங்கே ஒதுங்குவது என்று தெரியாமல் ஒரு டூரையும் விற்க விடமாட்டார். வெளிநாட்டு ஏஜெண்டு "நோ ப்ராப்ளம்" என்று ஃபேக்ஸ் அனுப்பினால் அவருக்கு அன்று முழுக்கச் சாப்பாடு இறங்காது. "பிரச்சினை இல்லை எண்டு எழுதியிருக்கிறான். அப்ப ஏதோ இருக்கு" என்பார்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள் காலை, கறுப்பு அபாயா அங்கி அணிந்த ஒரு பெரிய அம்மா கைத்தடியோடு உள்ளே வந்தார். பின்னாலேயே வங்கியில் பெரிய வேலையில் இருக்கும் அவர் மகன் யூசுஃப். அந்த அம்மாவை ஊரில் எல்லாரும் உம் யூசுஃப் என்றுதான் கூப்பிடுவார்கள். யூசுஃப்பின் அம்மா என்று அர்த்தம். பெண்கள் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய அப்பா பம்பாயில் முத்து வியாபாரம் பார்த்தவர் என்பதால் இந்தி நன்றாக வரும். என்னோடு இந்தியும் ஆங்கிலமும் கலந்து பேசுவார். நான் இங்கே தமிழில் எழுதுகிறேன்.

"எனக்கு ஒராங்குட்டான் பாக்கணும்," என்றார்.

சிங்கப்பூர் மிருகக்காட்சிசாலை நல்லா இருக்கும் மேடம் என்று நான் பிரசுரத்தை எடுத்தேன்.

"கூண்டுல இருக்குறத இல்ல. காட்டுல இருக்குறத. போர்னியோவுல ஆத்துல படகுல போயி, அதுலயே தங்கி, நாள் கணக்காப் போயிப் பாக்குறாங்களாமே, அது. இத்தனை வருஷம் அந்த மிருகத்தப் பத்திப் பாடம் நடத்தியிருக்கேன். ஒரு பொண்ணு எழுந்து, 'நீங்க பாத்திருக்கீங்களா மிஸ்'னு கேட்டா. உக்காருன்னு அதட்டிட்டேன். அந்தப் பொண்ணு இப்ப பாட்டியாயிட்டா. பதில் சொல்ல வேண்டாமா?"

மகனுக்குத் துளியும் இஷ்டமில்லை. அம்மாவுக்கு மூட்டு வலி, அங்கே கொசு, முதலை என்று அடுக்கினார். கடைசியில் ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தார். அம்மாவோடு அவருடைய சிநேகிதி, ஓய்வு பெற்ற நர்ஸ் மரியம் போக வேண்டும். எங்கள் ஆபீஸிலிருந்தும் பொறுப்பான ஒரு பெண் கூடவே போய்க் கூடவே வர வேண்டும்.

எங்கள் ஆபீஸில் இருந்த ஒரே பெண் நான்தான். பொறுப்பைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

தர்மலிங்கம் சார் வேலையை ஆரம்பித்தார். முதலில் பயண நிரலில் "காட்டு ஒராங்குட்டான்களைக் காண்பீர்கள்" என்றிருந்ததை அடித்துவிட்டு "காணக்கூடும்" என்று மாற்றினார். அப்புறம் இந்தோனேசியாவுக்கு ஃபேக்ஸ் போனது. படகில் கழிவறை எப்படி? பதில்: நோ ப்ராப்ளம். மறுபடி ஃபேக்ஸ். இந்தத் தடவை அவர்கள் படகையே படமாக வரைந்து அனுப்பினார்கள். பின்பக்க மூலையில் ஒரு பெட்டி, அதற்குள் ஒரு ஓட்டை.

"குந்துற கக்கூஸ்," என்றார் சார். "அந்த மனுசியாலை குந்தேலாது."

குதைபியாவில் எங்கள் சந்தில் இருந்த மரக்கடையில் ஒரு நாற்காலி செய்யச் சொன்னோம். நடுவில் ஓட்டை வைத்த நாற்காலி. கழற்றி மாட்டுகிற மாதிரி. ஜகார்த்தா விமான நிலையத்தில் கஸ்டம்ஸ் அதிகாரி அதன் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டு, ஓட்டைப் பலகையைத் தூக்கி அதன் வழியாக என் முகத்தைப் பார்த்து, "இது என்ன?" என்றார். நான் வாய் திறப்பதற்குள் உம் யூசுஃப் தலைமையாசிரியைக் குரலில் சொன்னார்: "படச் சட்டம்." அதிகாரி மேற்கொண்டு ஒரு கேள்வி கேட்கவில்லை.

நான் கிளம்பும்போது என் வீட்டுக்காரர் சொன்னதையும் சொல்லிவிடுகிறேன். "கொரங்கு பாக்கவா ஏட்டி கம்பெனிச் செலவுல ஃப்ளைட் ஏறிப் போற? எங்க யார்டு ஃபோர்மேன வந்து பாரு, போதும்."

ஜகார்த்தாவிலிருந்து காற்றாடி விமானம், பிறகு வேன், பிறகு குமாய் என்ற துறைமுகம். அங்கே எங்களுக்காக ஒரு மரப்படகு நின்றது. கீழ்த்தட்டில் எஞ்சினும் அடுப்பும். மேல்தட்டு நாலு பக்கமும் திறந்தது, கூரை மட்டும் உண்டு. படுக்கவும் சாப்பிடவும் வேடிக்கை பார்க்கவும் அதே இடம்தான். படகோட்டி, ஒரு சமையல்காரர், வழிகாட்டி அர்டி என்று மூன்று ஆண்கள். உம் யூசுஃப் ஹஜ் போய் வந்தவர் என்று தெரிந்ததும் மூவரும் குனிந்து கையைத் தொட்டு வணங்கி, அன்று முதல் "இபு ஹாஜா", அதாவது ஹஜ் போன அம்மா, என்றுதான் கூப்பிட்டார்கள். எனக்கு அவ்வளவு மரியாதை இல்லை. நாற்காலியை மாட்டத் தெரிந்த பெண் நான், அவ்வளவுதான்.

ஆறு ஆரம்பத்தில் சேறு கலந்த பழுப்பு. இரண்டு கரையிலும் தண்ணீருக்குள் நிற்கும் ஓலைமரங்கள். உள்ளே போகப் போகத் தண்ணீர் பால் விடாத டீ மாதிரி கறுத்துப்போய், அதில் வானம் அப்படியே தெரிந்தது. கரையோர மரங்களில் நீள மூக்குக் குரங்குகள் தொந்தியைத் தள்ளிக்கொண்டு கூட்டமாக உட்கார்ந்து எங்களைப் பார்த்தன. "இவங்கள எங்கயோ பாத்திருக்கேனே," என்றார் மரியம். "ஆமா, நம்ம ஆஸ்பத்திரி நிர்வாகக் குழு." உம் யூசுஃப் அவரை அதட்டினார். பிறகு அபாயாவின் ஓரத்தால் வாயை மூடிக்கொண்டார்.

தொழுகை நேரம் வந்தபோது ஒரு சிக்கல். ஆறு பாம்பு மாதிரி வளைந்து போகிறது. தொழ ஆரம்பிக்கும்போது மக்கா முன்னால் இருந்தால், முடிக்கும்போது முதுகுக்குப் பின்னால் போய்விடும். படகோட்டி எஞ்சினை நிறுத்தி, ஒரு மரத்தில் கயிற்றைக் கட்டி, படகை நேராக்கிக் கொடுத்தார். ஒவ்வொரு வேளையும் அப்படித்தான். தர்மலிங்கம் சாரின் விரல் தொடாமல் விட்ட ஒரே வரி அதுவாகத்தான் இருக்கும்.

மறுநாள் ஓரிடத்தில் இறங்கிக் காட்டுக்குள் கொஞ்ச தூரம் நடந்தோம். வீடுகளில் அடைபட்டுக் கிடந்து மீட்கப்பட்ட ஒராங்குட்டான்களைத் திரும்பவும் காட்டுக்குப் பழக்குகிற இடம் அது. காவலர் ஒருவர் வாயில் கையைக் குவித்துக் கூவிவிட்டு மரமேடையில் வாழைப்பழத்தைக் கொட்டினார். கிளைகள் அசைந்தன. செம்பட்டை முடியோடு ஒரு தாய், இடுப்பில் குட்டியோடு, அவசரமே இல்லாமல் இறங்கி வந்தது. அந்தக் குட்டி எங்களைப் பார்த்த பார்வையில் மரியம் அழுதேவிட்டார்.

உம் யூசுஃப் மட்டும் தேர்வு மேற்பார்வைக்கு வந்தவர் மாதிரி நின்றார்.

"எப்படி மேடம்?" என்றேன்.

"மணி அடிச்சா வருது. வரிசையா உக்காந்து சாப்புடுது. இத நான் தினமும் மதியம் பாத்திருக்கேன், பிந்தி. காட்டுல இருக்குறது எங்க?"

பிந்தி என்றால் மகளே. அந்த வார்த்தையைக் கொஞ்சலாகவும் சொல்லலாம், கண்டிப்பாகவும் சொல்லலாம் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

அர்டி நல்ல பிள்ளை, பொய் சொல்லவில்லை. மனிதர் பழக்கமே இல்லாதவை இன்னும் மேலே, குறுகலான ஒரு கிளையாற்றில் இருக்கின்றன, மறுநாள் காலை போகலாம், ஆனால் உறுதி சொல்ல முடியாது என்றான். உம் யூசுஃப் முகம் தெளிந்தது.

மறுநாள் காலை அவர் எழுந்து உட்காரவே சிரமப்பட்டார். மரியம் நெற்றியைத் தொட்டதும் அந்தக் கேலிக்கார அம்மா காணாமல் போய், நர்ஸ் வந்துவிட்டார்.

"காய்ச்சல்."

"மாஃபி, ஒண்ணுமில்ல. வெயில்," என்றார் உம் யூசுஃப்.

மரியம் அவருடைய பையைத் திறந்தார். நான் இரண்டு நாளாகக் கொடுத்த தண்ணீர் பாட்டில்கள் மூடிகூடத் திறக்காமல் வரிசையாக இருந்தன.

"நீ தண்ணியே குடிக்கலியா?"

ஆயிரக்கணக்கான பிள்ளைகளைத் தலைகுனிய வைத்த அந்த அம்மா தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். பிறகு, ஆண்களுக்குக் கேட்காத குரலில் சொன்னார்: "அந்த நாற்காலி கிரீச்சுனு சத்தம் போடுது. பலகைக்கு அந்தப் பக்கம் அவங்க உக்காந்திருக்காங்க."

கழிவறைக்குப் போகாமல் இருப்பதற்காகத் தண்ணீர் குடிக்காமல் இருந்திருக்கிறார். அந்தப் புழுக்கத்தில். சிறுநீரில் கிருமி சேர்ந்திருக்கும், இந்த வயதில் அது விளையாட்டில்லை என்றார் மரியம். டாக்டர் இருப்பது துறைமுகத்தையும் தாண்டி ஊருக்குள். திரும்பினால் பகலின் பெரும்பகுதி ஆற்றிலேயே போய்விடும். கிளையாற்றுக்குப் போய்விட்டுத் திரும்பினால் இன்னொரு நாள் போய்விடும். போன் கிடையாது. மேனேஜரும் இல்லை, மகனும் இல்லை. எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

"திரும்பலாம்," என்றேன்.

"நான் இவ்வளவு தூரம் வந்தது அதுக்குத்தான்," என்றார் உம் யூசுஃப். "ஒரு நாள்ல செத்துட மாட்டேன்."

"அது எனக்குத் தெரியாது மேடம். சிஸ்டருக்கும் தெரியாது. தெரிஞ்சவரு கீழ ஊருல இருக்காரு."

"நீ எனக்குத் துணைக்கு வந்தியா, இல்ல என் மகன் மாதிரி தடுக்க வந்தியா?"

"இன்னைக்கு மட்டும் உங்க மகன்னு நெனச்சுக்கோங்க."

"கலாஸ்," என்றார். முடிந்தது என்று அர்த்தம். முகத்தை ஆற்றுப் பக்கம் திருப்பிக்கொண்டார். படகு திரும்பியது. என் வேலை போனது என்றே எண்ணினேன். அதைவிட, அந்தத் திரும்பிய முதுகைப் பார்க்கத்தான் கஷ்டமாக இருந்தது.

மரியம் உப்பும் சர்க்கரையும் கரைத்துத் தம்ளர் தம்ளராகக் கொடுத்தார். அர்டியிடம் நான் தனியாக விஷயத்தைச் சொன்னேன். அவன் கீழே போய் என்ன சொன்னானோ, அதன் பிறகு உம் யூசுஃப் கைத்தடியை எடுத்தால் போதும், படகோட்டி எஞ்சினைக் கூட்டி அலறவிடுவார், சமையல்காரர் உரலில் மிளகாயை இடிக்க ஆரம்பிப்பார், அர்டி படகின் முன்முனைக்குப் போய்ப் பாட்டுப் பாடுவான். நாற்காலி எவ்வளவு கிரீச்சிட்டாலும் கடவுளுக்கே கேட்காது. அன்று மதியக் குழம்பை மட்டும் யாராலும் வாயில் வைக்க முடியவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு ஆறு குறுகிய ஓரிடத்தில் மிதக்கும் புல் படகின் சுழல்விசிறியில் சிக்கி எஞ்சின் நின்றது. படகோட்டி கத்தியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் குனிந்தார். இரண்டு நாளாகக் காதிலேயே இருந்த சத்தம் நின்றதும் காடு திடீரென்று பக்கத்தில் வந்துவிட்ட மாதிரி இருந்தது.

அப்போது ஒரு முத்தச் சத்தம் கேட்டது. உதட்டைக் குவித்து உறிஞ்சிக் கொடுக்கிற, நல்ல அழுத்தமான முத்தம்.

மரியம் விருட்டென்று திரும்பிச் சமையல்காரரைப் பார்த்தார். "வெக்கமா இல்ல? உன் அம்மா வயசு எனக்கு!"

மொழி புரியாவிட்டாலும் விஷயம் புரிந்து அந்த மனிதர் வெலவெலத்துப்போய் இரண்டு கையையும் ஆட்டினார். மறுபடியும் முத்தம். இந்தத் தடவை மேலேயிருந்து. அர்டி விரலை உதட்டில் வைத்து மரத்தைக் காட்டினான். "கோபத்துல இருக்கு," என்று கிசுகிசுத்தான். "போங்கன்னு சொல்லுது."

முதலில் இலைக்கூட்டத்தில் இருட்டாக ஒரு திட்டு. பிறகு அது நகர்ந்தது. கன்னங்கள் இரண்டு தட்டு மாதிரி விரிந்த பெரிய ஆண் ஒராங்குட்டான். முடி கயிறு கயிறாகத் தொங்கியது. நாங்கள் முந்தைய நாள் பார்த்தவற்றின் சாந்தமெல்லாம் இதனிடம் இல்லை. மரத்தைப் பிடித்து உலுக்கியது. காய்ந்த கொப்பு ஒன்றை மளுக்கென்று முறித்து, எங்களைப் பார்த்துக்கொண்டே வீசியது. அது படகின் ஓரத்தில் தண்ணீரில் விழுந்து எங்கள் மேலெல்லாம் தெறித்தது. நானும் மரியமும் சாப்பாட்டு மேசைக்கு அடியில் இருந்தோம். எப்போது போனோம் என்று எங்கள் இருவருக்கும் தெரியாது.

உம் யூசுஃப் எழுந்து நின்றிருந்தார். ஒரு கை கூரைக் கம்பத்தில். மூட்டுவலி, காய்ச்சல் எதுவும் அந்த முகத்தில் இல்லை. அபாயாவிலிருந்து தண்ணீர் சொட்டியது. மேலே ஒராங்குட்டான் இன்னொரு கொப்பை முறித்தது.

"தய்யிப், தய்யிப்," என்றார் அரபியில், மிகவும் மரியாதையாக. "சரி, சரி. போறோம்."

அது அவரையே கொஞ்ச நேரம் பார்த்தது. கையிலிருந்த கொப்பை எறியாமல் அப்படியே கீழே நழுவவிட்டது. பிறகு எங்களுக்கு முதுகைக் காட்டி, கிளைக்குக் கிளை கை மாற்றி, காட்டுக்குள் போய்விட்டது. என் கழுத்தில் கேமரா தொங்கிக்கொண்டிருந்தது அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

உம் யூசுஃப் உட்கார்ந்தார். "பிந்தி," என்றார். இந்தத் தடவை கொஞ்சலாக. "இன்னொரு தம்ளர் தண்ணி கொடு."

ஊரில் டாக்டர் மரியம் சொன்னதையே சொன்னார். ஒரு நாள் தாமதித்திருந்தால் கிருமி சிறுநீரகத்துக்குப் போயிருக்கும் என்றார். டிரிப் ஏற்றினார்கள். நான் போன் கடையிலிருந்து ஆபீஸைக் கூப்பிட்டுத் தயங்கித் தயங்கி எல்லாவற்றையும் சொன்னேன். முடித்ததும் தர்மலிங்கம் சார் ஒன்றே ஒன்று கேட்டார்.

"இப்ப தண்ணி குடிக்கிறாவோ?"

"குடிக்காங்க சார்."

"சரி. மகனோடை நான் கதைக்கிறன். நீர் அவவுக்குப் பக்கத்திலை இரும். ஆபீஸைப் பற்றி ஒண்டும் யோசியாதையும்."

ஊர் திரும்பி இரண்டு நாள் கழித்து யூசுஃப் ஆபீஸுக்கு வந்தார். கதவைத் திறந்த வேகத்திலேயே தெரிந்தது. பின்னாலேயே அவர் அம்மாவும், மரியமும்.

"என் அம்மாவ ஏதோ ஒரு காட்டு ஊர்ல ஆஸ்பத்திரில படுக்க வச்சிருக்கீங்க," என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். "மிருகம் வேற தாக்கியிருக்கு. இதுக்கு யார் பொறுப்பு?"

நான் எழுந்தேன். அதற்குள் தர்மலிங்கம் சார் தன் அறையிலிருந்து வந்து எனக்கு முன்னால் நின்றுகொண்டார். "நான்தான் பொறுப்பு. திருப்பிக் கூட்டிட்டு வந்ததுக்கு மட்டும் இவங்க பொறுப்பு," என்றார் அவரும் ஆங்கிலத்திலேயே.

யூசுஃப் அம்மா பக்கம் திரும்பினார். "நீங்களே சொல்லுங்கம்மா. அது உங்க மேல கெளைய உடைச்சு எறிஞ்சுதா இல்லையா?"

"எறிஞ்சுது," என்றார் உம் யூசுஃப். கைத்தடியை முன்னால் ஊன்றி, இரண்டு கையையும் அதன் மேல் வைத்து, பள்ளி முழுவதும் கேட்கிற குரலில் சொன்னார். "இத்தனை வருஷம் தலைமையாசிரியையா இருந்தேன். யூசுஃப், என் முகத்துக்கு நேரா நின்னு வெளிய போன்னு சொல்ல ஒருத்தருக்காவது தைரியம் வந்துச்சா? உங்க அப்பாவுக்கு வந்துச்சா?"

யூசுஃப் மரியத்தைப் பார்த்தார். மரியம் கூரையைப் பார்த்தார். பிறகு அந்த வங்கி அதிகாரி என் கவுண்டரின் மேல் முழங்கையை ஊன்றி, நெற்றியைக் கையில் வைத்துக்கொண்டு, தோள் குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார்.